அப்பா இல்லாத பொண்ணு

“அம்மான்னு சொன்னாங்கப்பா! அம்மா! அப்பான்னு சொல்லல!”

“நான் பார்த்தேன். ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். அப்பா இல்லாத பொண்ணுன்னு சொன்னாங்க.”

“பார்த்தீங்க. கேட்டீங்களா?”

“எனக்குக் கேக்காதுன்னு உனக்குத் தெரியாதா?”

“காதால கேக்கலைன்னா வாயால கேக்க வேண்டியதுதானே! என்ன சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை. அதைக் கேக்க மாட்டீங்க. வீடு தேடி வந்தவங்களை எந்திரிச்சுப் போங்கன்னு மட்டும் சொல்வீங்க!”

இரண்டாம் மாடியில், எங்கள் எதிர்வீட்டில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நடந்த சண்டை இது. கதவு திறந்தே இருந்தது. மாப்பிள்ளைப் பையனும் அவன் அம்மாவும் அப்போதுதான் படியிறங்கிப் போயிருந்தார்கள். அந்த அம்மாள் செருப்பைக் காலில் மாட்டக்கூட நிற்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டே இறங்கினாள். படியில் நாங்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தோம். நான் குப்பையைக் கொட்டப் போனேன். முதல் மாடித் தையற்காரி எதற்கு வந்தாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியபடியே வந்திருந்தாள்.

“காது கேக்காதா?” என்றாள், ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு. “யாருக்கு? டைம்டேபிளுக்கா?”

மூன்று தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியும். எட்டடி தூரத்தில் இருந்த மனிதருக்குக் காது போனது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

டைம்டேபிள் என்பது நாங்கள் வைத்த பெயர். பாட்டிலில் பானம் அடைக்கும் ஆலையில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் மனைவி போய்விட்டார். பதினாறாம் நாளோ இருபதாம் நாளோ, கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டினார். பள்ளிக்கூடத்தில் ஒட்டுவார்களே, அதே மாதிரி கட்டம் போட்ட தாள். ஆறிலிருந்து ஏழு மவுத் ஆர்கன். எட்டிலிருந்து பத்து ரேடியோ பழுது பார்த்தல். பத்தரைக்கு வரைபடம். மத்தியானம் சுருக்கெழுத்து. சனிக்கிழமை மறுபார்வை. மாதக் கடைசியில் பரீட்சை.

பரீட்சை என்றால் நிஜமான பரீட்சை. கேள்வித்தாளை அவரே எழுதி உறையில் ஒட்டி வைப்பார். ஒரு வாரம் கழித்து அவரே பிரிப்பார், அவரே எழுதுவார், அவரே சிவப்பு மையில் திருத்துவார். ஒருமுறை வரைபடத்தில் தன்னைத்தானே ஃபெயிலாக்கி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார். “வாத்தியார் ரொம்ப கண்டிப்போ?” என்று தையற்காரி கேட்டாள். “மாணவன்தான் மக்கு” என்றார் அவர். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதுபோல்தான் சொன்னார்.

நாங்கள் சிரித்தோம். பொண்டாட்டி போனபின் நாளை எப்படித் தள்ளுவது என்று தெரியாத மனிதர், நாளைக் கட்டம் கட்டமாக வெட்டி விழுங்குகிறார் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும்தான் சிரித்தோம்.

அப்புறம் அந்தத் தாள் மாறியது. முதலில் மவுத் ஆர்கன் போயிற்று. எங்களுக்கு நிம்மதி. அடுத்து ரேடியோ போயிற்று. அந்த இடத்தில் ஒரு கண்ணாடி வந்தது. ஆளுயரத்தில் பாதி இருக்கும். அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயைக் குவிப்பதும் கோணுவதும் இளிப்பதுமாக மணிக்கணக்கில் இருந்தார். டி.வி.யில் செய்தி ஓடும், சத்தம் இருக்காது. மகள் இருக்கிறாள், மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அவளிடம் நான் வாயைக் கொடுத்துப் பார்த்தேன்.

“என்னம்மா, அப்பா நாடகத்துல சேரப் போறாரா?”

“புதுசா ஒண்ணு கத்துக்கிறார் அத்தை.”

“அது என்னது?”

“அவரே சொல்வார்.” கதவைச் சாத்திக்கொண்டாள். நாள் முழுக்க ‘இது தெளிவா இருக்கா, இப்ப தெளிவா இருக்கா’ என்று ஊரைக் கேட்கிறவள் எனக்கு மட்டும் ஒன்றையும் தெளிவாகச் சொல்ல மாட்டாள்.

அந்த மாதங்களில்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். நான் பேசப் பேச இமைக்காமல் என் முகத்தையே பார்த்திருப்பார். என் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்ட ஆண்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. கட்டிய கணவர்கூட அப்படிக் கேட்டதில்லை. நான் பூரித்துப் போனேன். தையற்காரியிடமும் போவார். “ஊசியை எடுத்துட்டுப் பேசுங்க” என்பார். “இவருக்கு மரியாதை வேண்டிக் கிடக்குது” என்று அவள் ஊசிகளுக்கு நடுவே முணுமுணுப்பாள். அவரை எதிரில் வைத்துக்கொண்டே, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து, நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டதும் உண்டு. அவற்றில் எத்தனையைப் படித்திருப்பாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சண்டை நடந்த மறுநாள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். தானாக வந்தாள். சமையலறையில் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

முப்பத்தோரு வருஷப் பாட்டில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஒன்றரை வருஷத்துக்கு முன் இரண்டு காதும் அடங்கிவிட்டன. நரம்பே போய்விட்டது, கருவி வைத்தாலும் பலனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளத் தானே கற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஆலை இரைச்சலில் ஆட்கள் வாயசைத்துத்தான் பேசிக்கொள்வார்களாம். அதனால் பாதிப் பாடம் முன்பே முடிந்துவிட்டதாக அவர் கணக்கு. ஆனால் ஆலையில் பேசியது மொத்தம் இருபது வாக்கியம்: நிறுத்து, பெல்ட் நழுவுது, டீ வந்தாச்சு.

நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் கிடைத்தது. அந்த எழுத்துகளை வைத்து நம் பேச்சைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே தானே ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் வாயில் எங்கே வீடு என்று எழுதினார். வ, கீழுதட்டின் மேல் பல். த, ந இரண்டும் பல்லுக்குப் பக்கத்துப் போர்ஷன். க, ங தொண்டைக்குள், விலாசம் தெரியாது. ப, ம இரண்டும் ஒரே வீடு, ஒரே கதவு. உதடு மூடித் திறப்பதோடு சரி.

“பாப்பான்னு சொல்லுங்க, மாமான்னு சொல்லுங்க. கண்ணாடியில ரெண்டும் ஒண்ணுதான் அத்தை” என்றாள். நான் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுதான்.

ஆனால் டைம்டேபிள் அதையும் வென்றுவிட்டதாக நினைத்தார். ‘ப’ சொல்லும்போது கன்னம் ஒரு நூலளவு உப்புகிறது என்று கண்டுபிடித்தார். கண்ணாடியில் நூறு தடவை சொல்லிப் பார்த்தார், நூறும் சரி. தனக்குத் தானே பரீட்சை வைத்து நூற்றுக்கு நூறும் போட்டுக்கொண்டார். வாயும் அவருடையது, விடையும் அவருக்குத் தெரிந்தது, திருத்தியதும் அவர்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

இதற்கெல்லாம் அவசரம் எங்கிருந்து வந்தது என்றால், மகளின் கல்யாணத்திலிருந்து வந்தது. பையன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஒரு நாள் ரயில் பயணத் தூரத்தில் வேறொரு துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு வந்தால் வீடு தருவார்கள். அப்பாவைத் தனியே விட்டுப் போக மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். கூட வரவும் அவர் ஒப்பவில்லை. புதுசா கட்டிக்கிட்டவங்க வீட்டில் செவிட்டுக் கிழவன் எதுக்கு என்பது அவர் வாதம். கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஆறு மாதத்தில், காது கேட்காதது யாருக்கும் தெரியாமலே வெளியாட்கள் பத்துப் பேரோடு அவர் பேசிக் காட்ட வேண்டும். காட்டினால் அவள் நிம்மதியாகப் போவாள். இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை. பல் டாக்டர், பால்காரர், நூலகர் என்று ஒன்பது பேர் தேறியாகிவிட்டது. அந்த ஒன்பதில் நானும் ஒருத்தியாம்.

பத்தாவது ஆள் மாப்பிள்ளையின் அம்மா.

பையனுக்கு மட்டும் விஷயம் தெரியும். மேலுதட்டை மூடிக்கொண்டு பிரஷ் மாதிரி மீசை வைத்திருந்தவன், மாமனார் தன் பேச்சைப் படிக்க வேண்டும் என்பதற்காக வருவதற்கு முதல் நாள் அதை மழித்துவிட்டான். அவன் அம்மாவுக்குக் காரணம் தெரியாது. “பொண்ணு வீட்டுக்கு வர்ற நேரத்துல இப்படியா தோல் உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி வந்து நிப்பே!” என்று படியேறும்போதே திட்டியது என் காதில் விழுந்தது.

மகள் டீ கொடுத்திருக்கிறாள். பேச்சு நன்றாகத்தான் போயிருக்கிறது. அந்த அம்மாள் பேருந்து நிலையத்தில் பாஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பேசிப் பேசி, ஒவ்வொரு சொல்லையும் வாயைப் பெரிதாகத் திறந்துதான் சொல்வாள். அவர் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். அரைமணி நேரம் ஒரு தவறு இல்லை. அந்தத் தைரியம்தான் கெடுத்தது.

பெண் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் அந்த அம்மாள் பரிவோடு சொன்னாள்: “பாவம், அம்மா இல்லாத பொண்ணு. எல்லாத்தையும் தனியாவே பார்த்துக்கிறா.”

இவர் பார்த்தது, அப்பா இல்லாத பொண்ணு.

கன்னம் உப்பியதையும் பார்த்தேன் என்று மகளிடம் அடித்துச் சொன்னாராம். உப்பாத கன்னத்தை உப்பியதாகக் காட்டியது எது என்று எனக்குப் புரிகிறது. ஒன்றரை வருஷமாக வாசல் மணியும் தெரியாமல், மகள் கூப்பிட்டாலும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு, தான் அந்த வீட்டில் இருந்தும் இல்லாத ஆள்தான் என்கிற நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கும். யாராவது அதை வாய்விட்டுச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாரு?” என்று எழுந்துவிட்டார். “எந்திரிங்க. எந்திரிச்சுப் போங்க.”

“முடிஞ்சது அத்தை” என்றாள் மகள். “புதன்கிழமைக்குள்ள துறைமுகத்துல அவர் கையெழுத்துப் போடணும், குடும்ப வீடு வேணுமா வேணாமான்னு. வேணாம்னு போடச் சொல்லிட்டேன். அப்பாவுக்கும் சொல்லிட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“கண்ணை மூடிக்கிட்டார். கண்ணை மூடிட்டா அவர்கிட்ட எப்படிப் பேசறது?”

அழுதாளா என்று கேட்பீர்கள். இல்லை. என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள்தான் எழுந்து அணைத்தாள்.

திங்கட்கிழமை கதவில் அந்தத் தாள் இல்லை. ஒட்டியிருந்த நாலு மூலையில் பசைத்தடம் மட்டும் இருந்தது. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புத்தகம் இல்லை, நோட்டு இல்லை, பென்சில் இல்லை. மணி பார்த்து எழுந்து மணி பார்த்து உட்காருகிற மனிதர், மத்தியானம் சாப்பிடவும் எழவில்லை. நான் நாலு முறை ஏதோ சாக்கில் கதவு வரைக்கும் போனேன். இத்தனை நாள் கேலி பேசியது அந்த மவுத் ஆர்கனையும் கட்டத்தாளையும்தான். அவை இல்லாத வீட்டைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். எனக்கும் அன்றைக்கு பஸ் பாஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இன்னும் பதினோரு நாள் மீதம் இருந்தது என்பது வேறு விஷயம்.

பேருந்து நிலையத்தில் மூன்றாம் கவுண்டர். வரிசையில் அவருக்கு முன்னால் ஒன்பது பேர். எனக்கும் அவருக்கும் நடுவில் மூன்று பேர். அவர் முறை வந்தது. உள்ளே இருந்த அம்மாள் நிமிர்ந்தாள். முகம் கல்லானது.

“பாஸா? பழைய பாஸைக் குடுங்க” என்றாள், வேற்று ஆளிடம் சொல்வதுபோல்.

“எனக்குக் காது கேக்காது” என்றார் அவர்.

தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

“ஒன்றரை வருஷமா கேக்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிறேன். வாயால கேட்டா என்னன்னு மக சொன்னா. அதான் கேக்க வந்தேன். ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னது அம்மாவா, அப்பாவா?”

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள்.

“அம்மா” என்றாள்.

“இப்பவும் தெரியல. ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லுங்க. நான் எதுன்னு சொல்றேன். பத்துத் தடவை.”

“சார், பின்னாடி ஆள் நிக்கிறாங்க.”

“திரும்பச் சொல்லுங்க, பிடிக்கல.”

“பின்னாடி ஆள் நிக்கிறாங்கன்னு சொன்னேன்!”

“நிக்கட்டும்மா” என்று பின்னால் இருந்த ஒரு பெரியவர் சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்த கண்டக்டர், “என்னய்யா இது, பாஸ் வாங்க வந்தீங்களா, பாடம் படிக்க வந்தீங்களா?” என்று ஆரம்பித்தவர், பெரியவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிப் போனார்.

அவள் சொன்னாள். கவுண்டரில் பாஸ் கொடுக்கிற தோரணையில், ஒவ்வொன்றாக. அப்பா. அம்மா. அம்மா. அப்பா. ஒவ்வொன்றுக்கும் இவர் ஒரு விடை சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், அல்லது ஆட்டவில்லை. இவர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்து ஓசை வராமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா, அப்பா, அம்மா, அப்பா. கண்டக்டரும்தான். எனக்கு முன்னால் இருந்த பெண் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு, கூட வந்திருந்த தன் தங்கையைப் பார்த்தாள். கையை எடுத்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

பத்துக்கு ஐந்து. குருட்டாம்போக்கில் அடித்தாலே அவ்வளவு வரும்.

அவர் நோட்டை மூடினார். “தெரியாது” என்றார். “இது எனக்கு எப்பவும் தெரியப் போறதில்ல.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றாள் அவள். அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் திரும்பச் சொன்னாள்.

“சொன்னா நீங்க எப்படிப் பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“இப்ப பார்க்கறீங்களே, அப்படி.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடனே, இவருக்கு உதடு தெரியாதே என்று நினைவு வந்து, நேரே திரும்பினாள். “வீட்டுக்கு வந்தவளை எந்திரிச்சுப் போன்னு சொன்னீங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல.”

“எனக்கும்தான். தப்பு என்னோடது. பொண்ணோடது இல்ல. உங்க மகன்கிட்ட வீடு வேணும்னு கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

“உங்க பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாளே. நீங்க தனியா என்ன பண்ணுவீங்கன்னு அவளுக்குப் பயம்.”

இதை மூன்று முறை சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை புரிந்தது. “இப்ப பண்ணினேனே, அதைத்தான் பண்ணுவேன்” என்றார். “புரியலைன்னா கேப்பேன்.”

அந்த அம்மாள் ‘மூடப்பட்டது’ என்ற பலகையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். வரிசை மூன்றாம் கவுண்டரிலிருந்து நான்காம் கவுண்டருக்கு முணுமுணுத்தபடியே நகர்ந்தது. நான் பாஸ் வாங்காமலே வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே எதிர்வீட்டுக் கதவில், வெளிப்பக்கம், ஒரு தாள் இருந்தது. ‘எனக்குக் காது கேட்காது. முகத்துக்கு நேரே நின்று பேசவும். புரியாவிட்டால் திரும்பக் கேட்பேன்.’ மகள் வேலை முடிந்து வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் என் கதவுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே போய் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டார்கள். சத்தமும் வரவில்லை.

கல்யாணம் அடுத்த மாதம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. மொத்தம் பதினாலு பேர். பதிவாளர் சம்மதமா என்று கேட்டதை மாப்பிள்ளையின் அம்மா திரும்பி நின்று சம்பந்திக்கு வாயசைத்துச் சொன்னாள். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினார். பதினெட்டாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் ரயிலேறினார்கள்.

தையற்காரி மறு வருஷம் தன் மூத்த மகளோடு இருக்கப் போய்விட்டாள். மாப்பிள்ளையின் அம்மா ஓய்வு பெற்றதும் மகன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தாள். டைம்டேபிளும் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போனார். பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்து, அந்த ஊரில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். போன வருஷம் வீட்டைக் காலி செய்துகொண்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், காது கேட்காத பெரியவர்களுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்கும் ஓர் இடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை பார்த்துப் போய்விட்டார். எதிர்வீட்டில் இப்போது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள்.